கொடுத்த கடனைக் கேட்கப் போன அனுபவங்கள்

தஞ்சைக்காரன்:
என்னிடம் 80,000 ரூபாய் கைமாற்றாக வாங்கியவர் எங்கள் தெருக்காரர். பார்த்தால் நின்று நலம் விசாரிப்பவர். 2022 ஜூனில் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று கேட்டார், மூன்று மாதத்தில் தந்துவிடுவதாகச் சொன்னார், நானும் எதுவும் எழுதி வாங்கவில்லை. சீட்டு எடுத்ததும் தருகிறேன், பொங்கல் கழியட்டும், மனை விற்கட்டும் என்று அதன் பின் வந்த தவணைகள் உங்கள் எல்லோருக்கும் பழக்கமானவைதான். என் மனத்தை விட்டு நீங்காதது ஒரு நாள் மட்டுமே.

சென்ற ஆவணியில் என் அக்கா மகள் திருமணத்தில் மொய் நோட்டு எழுதும் பொறுப்பு எனக்கு. வரிசையில் அவர் வந்து நின்றார். நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மேசை மேல் விரித்து வைத்து, "எழுதிக்கொள்ளுங்கள் தம்பி, இரண்டாயிரம்" என்றார். பக்கத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்த மாமா அவர் பெயரை உரக்கச் சொல்ல, நான் தலை நிமிராமல் எழுதினேன். அவர் வீட்டு விசேஷம் வரும்போது என் அக்கா அந்த 2,000 ரூபாயைத் தவறாமல் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் நோட்டைப் புரட்டிப் பார்த்து ஊரே பேசும். என் 80,000 ரூபாய் எந்த நோட்டிலும் இல்லை. அன்று அவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, பாயசம் போதுமா என்று கேட்டுப் பரிமாறியவனும் நான்தான்.

மதுரை ஆசிரியர்:
எழுதி வாங்கினால் மட்டும் பணம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். உடன் பணியாற்றியவருக்கு 1,50,000 ரூபாய் கொடுத்தபோது, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து வாங்கி, முறையாகப் புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதித் தரும் கடனுறுதிச் சீட்டு) எழுதிக்கொண்டவன் நான். நாள் 2022 ஜூலை 4. 2024 தீபாவளிக்கு முன் 20,000 ரூபாய் ரொக்கமாகத் தந்தார்; மனம் குளிர்ந்து வாங்கிக்கொண்டேன். மீதிக்காகப் பொறுத்துப் பொறுத்து, 2025 ஜூலை நடுவில்தான் வக்கீலைப் பார்க்கப் போனேன்.

அவர் புரோநோட்டின் முன்பக்கத்தைப் படித்தார், நாளைப் பார்த்தார், பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. "வாங்கிய இருபதாயிரத்தை இங்கே வரவு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகக் கிடைத்திருக்கும் சார்" என்றார். வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுக் கெடு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்த வெற்றுத்தாளை அவர் மேசை மேல் வைத்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஈரோடு ஜவுளிக்காரர்:
ஆசிரியர் இவ்வளவு சீக்கிரம் மனம் தளர்ந்திருக்க வேண்டியதில்லை. காலங்கடந்த கடனானாலும், அதைத் தருவதாகக் கடன்காரர் எழுத்தில் உறுதி கூறிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி அது செல்லும். நேரில் போய்ப் புதிய புரோநோட்டு கேளுங்கள்.

என் அனுபவம் சிறியது: சரக்குக் கடனுக்காக ஒருவர் கொடுத்த செக் கணக்கில் பணமில்லாமல் திரும்பியது, வழக்குப் போட்டேன், பல வாய்தாவுக்குப் பின் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் முக்கால் தொகைக்குச் சமாதானமாயிற்று. இங்கே இருப்பவர்கள் நாள்கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். செக்கில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்தபின் ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் புகார் தாக்கல் செய்ய வேண்டும். "அடுத்த வாரம் தருகிறேன் அண்ணா" என்று அவர் பேசிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் இந்த நாள்களைக் கடத்துவதற்குத்தான். தஞ்சைக்காரர் மொய் மேசையிலேயே நான்கு பேர் முன்னிலையில் கேட்டிருக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

மதுரை ஆசிரியர்:
புதிய புரோநோட்டு கேட்டுப் பார்த்துவிட்டேன் ஐயா. "உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, என் மேல் உங்களுக்கு இல்லையா?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

சேலத்து அக்கா:
ஜவுளிக்காரத் தம்பி, கல்யாண வீட்டில் வைத்துக் கேட்டிருந்தால் பெண்ணைப் பெற்ற அக்காவின் முகம் என்னவாகியிருக்கும்? சட்டம் தெரிந்தும் கேட்க வாய் வராதவர்கள் நாங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் அழுதார் என்று, என் மூன்று பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துப் பணம் கொடுத்தேன். இரண்டு மாதம் வட்டி கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். நகையை மீட்காவிட்டால் ஏலம் விடப்படும் என்று வங்கியிலிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "வாங்கக்கா" என்று உட்காரவைத்து, காபி கலந்து கொண்டுவந்து, நான் மேசையில் வைத்திருந்த அந்தக் கடிதத்தின் மேலேயே டம்ளரை வைத்தார். படிக்கவில்லை. நான் காபியைக் குடித்துவிட்டு, வட்டமாகக் கறை படிந்த கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தீபாவளிச் சீட்டுப் பணத்தைப் போட்டுச் சங்கிலியை நானே மீட்டேன். சென்ற வாரம் அவர் வந்து, கிரைண்டர் பழுதாகிவிட்டது, இரண்டு படி மாவு அரைத்துத் தர முடியுமா அக்கா என்று கேட்டார். அரைத்துக் கொடுத்தேன்.