குக்கர் மூடி தெறித்து அம்மாவுக்குக் காயம்: குக்கரை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஏழு மாதங்களுக்கு முன் நான் வாங்கிக் கொடுத்த ஐந்து லிட்டர் குக்கரில் அம்மா சென்ற மாதம் பருப்பு வேகவைத்தபோது மூடி தெறித்து, கொதிக்கும் பருப்பு அவருடைய வலக்கையிலும் கழுத்திலும் கொட்டிவிட்டது. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தார்; விரல்களை இன்னும் முழுமையாக மடக்க முடியவில்லை. மூடியைத் திருப்பிப் பார்த்தால், சேஃப்டி வால்வின் நடுவில் உள்ள உலோகப் பொட்டு உருகாமல் அப்படியே இருக்கிறது. நிறுவனத்தாரோ, பழைய குக்கரை அனுப்பினால் புதியது தருவதாகச் சொல்கிறார்கள். ரசீது என் பெயரில் இருக்கும்போது அம்மா இழப்பீடு கேட்க முடியுமா?

பதில் 1:
தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள் சகோதரி. உங்கள் கையில் இருக்கும் முதல் சாட்சி அந்தக் குக்கர்தான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்பதால், அம்மா தம் பெயரிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். உற்பத்தியாளர் வேறு மாநிலத்தில் இருந்தாலும், அம்மா குடியிருக்கும் மாவட்டத்திலேயே அதைத் தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. குறையை ஆய்வில்தான் கண்டறிய முடியும் என்றால், ஆணையமே குக்கருக்கு முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். மூடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு உபயோகக் குக்கருக்கு அது கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
முத்திரை இருக்கிறது. ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை: மூன்று மாதங்களுக்கு முன் கேஸ்கெட் தளர்ந்துபோனதால், பக்கத்துக் கடையில் வேறொன்று வாங்கிப் போட்டோம்.

பதில் 2:
நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன். எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கப்போவது இதைத்தான். ஆகவே புகாரிலேயே நீங்களாக அதை எழுதிவிடுங்கள். கேஸ்கெட் யாருடையதாக இருந்தாலும், அழுத்தம் எல்லை மீறினால் மூடி தெறிக்கும் முன்பே ஆவியை வெளியேற்றுவதுதான் சேஃப்டி வால்வின் வேலை. அது ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்விக்கு உற்பத்தியாளர் பதில் சொல்லட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், காயத்தின் படங்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாக வையுங்கள். புதுக் குக்கரை வாங்கிக்கொண்டு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பழைய கேஸ்கெட் கிடைக்குமா? நான்கே மாதத்தில் தளர்ந்தது என்பதும் உங்களுக்குப் பயன்படும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. குக்கரைக் கழுவாமல், பருப்பு காய்ந்து ஒட்டிய நிலையிலேயே துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டேன். பழைய கேஸ்கெட்டை அம்மா எறியவில்லை. அடுப்படி ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.