கோத்தகிரி குளிர்ல குஞ்சு நிக்க மாட்டேங்குது, அடைக்கோழிகிட்ட விடலாமா?

தேயிலைக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி பக்கம், டவுன்ல இருந்து கொஞ்சம் உள்ள. வீட்டுக்குப் பின்னாடி நாலு சிறுவிடை (சின்ன ஒடம்பு நாட்டுக்கோழி), ஒரு சேவல், ரெண்டு வருஷமா இருக்கு, அதுங்க பாட்டுக்கு தேயிலைக்குள்ள மேஞ்சுட்டு சாயங்காலம் அடைஞ்சுரும், பெருசா தொந்தரவு இல்ல. இந்த தடவை ஆசைப்பட்டு கீழ ஒரு பண்ணைல சொல்லி வெச்சு ஒரு நாள் குஞ்சு 15 வாங்கிட்டேன். டிசம்பர்ல யாராவது வாங்குவாங்களான்னு திட்டாதீங்க, வீட்டுல ஏற்கெனவே திட்டியாச்சு. மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ்ல அட்டைப்பெட்டிய மடில வெச்சு கொண்டு வந்தேன், வர்ற வழி பூரா கீச்சு கீச்சுன்னு நல்லாத்தான் இருந்துச்சு. வந்து ரெண்டு ராத்திரில 4 போயிருச்சு. இப்ப மூணாவது நாள், 11 இருக்கு.

பெரிய அட்டைப்பெட்டி, கீழ பேப்பர், மேல 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணு (அதுக்கே நாலு கடை ஏறி இறங்கினேன், எங்க கேட்டாலும் எல்இடி தான் எடுத்து நீட்டறாங்க). காத்தடிச்சா கரண்ட் போயிருது, எப்ப வரும்னு தெரியாது. காலைல பாத்தா ஒரு மூலைல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு, அடில இருக்கறது செத்துருது. இப்ப ஒண்ணுக்கு பின்னாடி எச்சம் காஞ்சு அடைச்சிருக்கு, இன்னொண்ணுக்கு காலு ரெண்டும் அகண்டுக்கிட்டு நிக்கவே முடியல.

இதுல இன்னொரு கூத்து, பழைய கோழில கருப்பின்னு ஒண்ணு பன்னெண்டு நாளா அடைக்கு உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குது. அடில முட்டை கூட இல்ல, வெறுங்கூடைய அணைச்சுட்டு உக்காந்திருக்கு, கைய நீட்டினா உர்ருங்குது. தண்ணில நாலு முக்கு முக்கினா தெளிஞ்சுரும்னு அம்மா சொல்றாங்க. எனக்கு என்ன தோணுதுன்னா இந்தக் குஞ்சுங்கள அதுகிட்டயே விட்டா என்ன? ஏத்துக்குமா, இல்ல கொத்திக் கொன்னுருமா? பண்ணிப் பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஹட்டி அக்கா:
தம்பி மொதல்ல அந்தக் கோழிய தண்ணில முக்காதீங்க, அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. உங்க பல்பு செய்யாத வேலைய அது செய்யும், கரண்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல அழுத்தி உக்காந்த கோழி பெரும்பாலும் ஏத்துக்கும். ஆனா குஞ்சு சின்னதா இருக்கணும், ரெண்டு மூணு நாளுக்குள்ள விட்டாத்தான் குஞ்சும் அம்மான்னு ஒட்டும். ஒரு வாரம் போச்சுன்னா குஞ்சு ஆளப் பாத்து பழகிரும், கோழி கூப்பிட்டா வராது. அதனால நாளைக்கு பாக்கலாம்னு தள்ளாதீங்க, இன்னைக்கு ராத்திரியே.

பகல்ல கோழிய தூக்கி இறக்கைக்கு அடில, பின்பக்கமெல்லாம் நல்லா பாருங்க. அடைல உக்காந்தது மண்ணுல பொரளாது, பேனும் செள்ளும் அப்பிக் கெடக்கும், அப்படியே குஞ்சுக்கு எறங்குச்சுன்னா ரத்தத்த உறிஞ்சியே கொன்னுரும். அடுப்புச் சாம்பல்ல கொஞ்சம் வசம்புப் பொடி கலந்து றெக்கைக்குள்ள தேய்ச்சு விடுங்க, கூடைல இருக்கற பழைய வைக்கோல எரிச்சுட்டு புதுசு போடுங்க. மண்ணெண்ணெய் மட்டும் தடவாதீங்க, சிலர் தடவறாங்க, குஞ்சுக்கு மூச்சே நின்னுரும்.

ராத்திரி எட்டு ஒம்போதுக்கு மேல, டார்ச்ச மூஞ்சில அடிக்காம, ஒவ்வொரு குஞ்சா கைக்குள்ள மூடி எடுத்துட்டுப் போயி பின்பக்கமா இறக்கைக்கு அடில தள்ளுங்க. கோழி மெல்ல ஒரு மாதிரி குர் குர்னு பேசும், அந்த சத்தம் வந்தா ஜெயிச்சாச்சு. விடியறதுக்கு முன்னாடி போயி பக்கத்துல உக்காருங்க, அதான் முக்கியம். வெளிச்சத்துல மொதமொதல்ல பாக்கறப்ப லேசா ஒண்ணு ரெண்டு கொத்து கொத்தும், அது அதட்டறது, பயப்படாதீங்க. தலையில குறி வெச்சு கொத்துச்சுன்னா உடனே எடுத்துருங்க.

சிறுவிடை ஒடம்புக்கு இந்தக் குளிர்ல 9, 10 குஞ்சு தான் மூட முடியும். எச்சம் அடைச்சத வெதுவெதுப்பான தண்ணில பஞ்ச நனைச்சு ஊற வெச்சு எடுங்க, பிச்சு இழுத்தா கொடலும் சேந்து வரும். அதையும் கால் அகண்டதையும் ரெண்டு நாள் பல்புக்கடிலயே வெச்சுக்கோங்க.

குன்னூர்_கோழிக்கூடு:
ப்ரோ இவ்ளோ சிரமம் எதுக்கு, செட்டு சுத்தி தார்பாய் போட்டு ஓட்டை இல்லாம அடைச்சுருங்க, உள்ள ஒரு மண்சட்டில கரி கங்கு வெச்சா விடிய விடிய சூடு நிக்கும். எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான்.

மேல்மலை கோழிக்காரன்:
கங்குச் சட்டியா, வேணாண்ணே. அடைச்ச எடத்துல கரி எரிஞ்சா வர்ற புகை கண்ணுக்கே தெரியாது. குளிருக்கு ரூமுக்குள்ள கரி மூட்டிட்டு படுத்தவங்க காலைல எந்திரிக்காத சேதிய நாமளே பேப்பர்ல படிச்சிருக்கோம், மனுசனுக்கே அப்படின்னா குஞ்சுக்கு எவ்வளவு நேரம் ஆகும். உங்க தாத்தா காலத்து கூரைல நாலு பக்கமும் சந்து இருந்திருக்கும், இன்னைக்கு தார்பாய்ல அது இல்ல.

நான் கொடைக்கானலுக்கு மேல, மன்னவனூர் பக்கம். மொத வருசம் நானும் இப்படித்தான் சுத்தி அடைச்சு வெச்சேன், ஒரு மாசத்துல கோழி பூரா கொர்ரு கொர்ருன்னு மூச்சு விட்டு மூக்குல தண்ணி ஊத்துச்சு. காலைல கதவத் தொறந்தா கண்ணு எரியும், அம்புட்டும் எச்சத்துல வர்ற அமோனியா. கோழி விடற மூச்சு, எச்சத்து ஈரம் எல்லாம் தகரத்துல பட்டு சொட்டு சொட்டா அதும்மேலயே விழுது. ரோமம் காஞ்சிருந்தா பெரிய கோழி ஒறபனிய தாங்கிரும், நனைஞ்சா தாங்காது. இப்ப கோழி ஒக்கார்ற ஒசரம் வரைக்கும் பலகை அடைச்சுட்டு, கூரைக்குக் கீழ ஒரு சாண் சுத்தி வெறும் வலைதான் விட்டிருக்கேன், காத்து தலைக்கு மேல போயிரும். சளி நின்னுருச்சு. கீழ சில்வர் ஓக் மரத்தூள் நாலு விரக்கடை, வாரம் ஒருக்கா கிண்டி விடறது. குஞ்சுக்கு மட்டும் மொத வாரம் மரத்தூள் வேணாம், பொறுக்கித் தின்னு தொண்டைல அடைக்கும். பேப்பரும் வேணாம், வழுக்குது, அதான் உங்களுக்கு கால் அகண்டது. கிழிஞ்ச சணல் சாக்க விரிங்க. அந்தக் குஞ்சுக்கு ரெண்டு காலையும் சேத்து நடுவுல ஒரு இஞ்ச் விட்டு பிளாஸ்திரி ஒட்டுங்க, மூணு நாலு நாள்ல நிக்க வாய்ப்பிருக்கு.

பெட்டிக்கு மூலையே இருக்கக் கூடாது. அட்டைய வளைச்சு வட்டமா கட்டிருங்க, ஏறி நசுக்க எடம் இருக்காது. மொத வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அப்பறம் வாரத்துக்கு 5 டிகிரி கொறைக்கணும்னு கணக்கு சொல்லுவாங்க, ஆனா தெர்மாமீட்டரே வேணாம், குஞ்சே சொல்லிரும். பல்புக்கடில குவிஞ்சா குளிரு, வெலகி வாயப் பொளந்தா சூடு, ஒரே பக்கமா ஒதுங்கினா எதிர்ப்பக்கம் எங்கயோ காத்து வருது. கரண்ட் போனா குவார்ட்டர் பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, மூடிய நல்லா திருகி பழைய சாக்ஸ் மாட்டி நடுவுல படுக்க வைங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

தேயிலைக்காட்டான்:
அண்ணே குவார்ட்டர் பாட்டிலத் திருப்பிக் குடுத்தா 10 ரூபா தர்ற திட்டத்த எங்க நீலகிரிலதான் மொதல்ல ஆரம்பிச்சாங்க, அதனால இங்க காலி பாட்டில் கண்ணுல படறதே இல்ல 😄 பக்கத்து வீட்டு மாமாகிட்ட 10 ரூபா குடுத்து ரெண்டு வாங்கிருக்கேன். எதுக்குன்னு கேட்டாரு, குஞ்சுக்குன்னேன், நம்பல.

அக்கா ராத்திரி விடப்போறேன். தீனி எப்படி? கோழிக்கு வேற குஞ்சுக்கு வேறயா?

ஹட்டி அக்கா:
ரெண்டுக்கும் குஞ்சுத் தீனியே வைங்க, ஸ்டார்டர்னு கேட்டா குடுப்பாங்க. அடைக்கோழி முட்டை போடாது, அதுக்கும் அது போதும். முட்டைக்கோழித் தீனிய மட்டும் குஞ்சு வாய்ல பட விடாதீங்க, அதுல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி, குஞ்சோட கிட்னிய கெடுத்துரும். ராகியும் நொய்யும் ஆசைக்கு ஒரு கை, அதே சாப்பாடா ஆக்கிராதீங்க, வளராது. கேரட் தழை பொடியா நறுக்கிப் போடலாம். தோட்டத்துல மருந்தடிச்ச முட்டைகோஸ் வெளி இலைய ஓசில தர்றாங்கன்னு வாங்கிப் போடாதீங்க, பச்சை ஏறின உருளைக்கிழங்குத் தோலும் வேண்டாம். தண்ணித் தட்டுல கூழாங்கல்லு போட்டு வைங்க, மூணு நாள் குஞ்சு ஒரு விரக்கடைத் தண்ணிலயே முங்கிச் செத்துரும்.

தடுப்பூசி தாமரை:
எல்லாரும் குளிரையே பேசறீங்க, ஏழாவது நாள யாரும் சொல்லல. வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு மருந்து, கண்ணுல இல்லன்னா மூக்குல ஒரு சொட்டு, ஏழாவது நாளு. பதினாலாவது நாள் கம்போரோங்கற குஞ்சு நோய்க்கு, நாலாவது வாரம் மறுபடி லசோட்டா, எட்டாவது வாரம் றெக்கைக்கடில ஊசி. நீங்க குளிருக்கு இப்படி அலைஞ்சு காப்பாத்திட்டு இத விட்டா, பங்குனி வெயில்ல ஒரே வாரத்துல மொத்தக் கூடும் காலியாகும், நான் பாத்திருக்கேன், எங்க வீட்டுலயே.

மருந்துக் குப்பி 100 குஞ்சுக்கு மேல தான் வரும், கலக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். அதனால பக்கத்துல கோழி வெச்சிருக்கறவங்க நாலு வீடு சேந்து ஒரே நாள்ல போடுங்க, செலவும் கம்மி. ஐஸ் போட்ட பிளாஸ்க்ல தான் கொண்டு வரணும், நம்ம ஊரே ஐஸ் தானேன்னு சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டு வந்தா உங்க ஒடம்புச் சூட்டுலயே மருந்து செத்துரும். பெரிய கோழிக்கு கால்நடை மருந்தகத்துல பிப்ரவரில இலவச முகாம் போடுவாங்க, விட்டுராதீங்க. மூணாவது வாரத்துக்கு மேல எச்சத்துல ரத்தம் தெரிஞ்சா அது ரத்தக்கழிச்சல், ஈரத்துல தான் வரும், கை வைத்தியம் பாத்துட்டு உக்காராம அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

குன்னூர்_கோழிக்கூடு:
சரி கங்கு வேண்டாம், ஒத்துக்கறேன். ஒண்ணு மட்டும், கோழியும் குஞ்சும் தரைல இருக்கறதுனால மரநாயும் கீரியும் கண்டிப்பா வரும். கோழிவலைங்கறது கோழி வெளிய போகாம இருக்கத்தான், மரநாய் அத பிச்சுட்டு வந்துரும். அரை இஞ்ச் வெல்டு மெஷ் (பத்தவெச்ச கெட்டிக் கம்பிவலை) அடிங்க, தரைக்குள்ள ஒரு அடி எறக்கிருங்க, பெருச்சாளியும் வராது. நாயக் காவலுக்கு வெளிய கட்டிராதீங்க, சிறுத்தைக்கு நாமளே எல போட்டு பரிமாறின மாதிரி ஆயிரும்.

தேயிலைக்காட்டான்:
அப்டேட். நேத்து ராத்திரி ஒம்போதரைக்கு 9 குஞ்சு விட்டேன். கை நடுங்குச்சு, கருப்பி ரெண்டு தடவ நல்லா போட்டுச்சு கைல. மூணாவது குஞ்சு வெக்கறப்ப அக்கா சொன்ன அந்த குர் குர் வந்துச்சு, அப்பறம் மீதியெல்லாம் தானாவே நொழைஞ்சுருச்சு. காலைல அஞ்சரைக்கு போனேன், வெளிய புல்லு மேல வெள்ளையா பனி, உள்ள சத்தமே இல்ல, போச்சுடான்னு நெனச்சேன். கிட்ட போனா கழுத்துக்கடில இருந்து ஒரு தலை, றெக்கைல இருந்து ரெண்டு. எண்ணினா 9. ஆனா வெள்ளையா ஒண்ணு இருக்கு, அத மட்டும் பாத்தா கொத்துது, எடுத்து பல்புக்கு கொண்டு வந்துட்டேன்.

ஹட்டி அக்கா:
நல்லது தம்பி. வெள்ளைய இன்னைக்கு ராத்திரி மறுபடி வைங்க, தனியா வெக்காதீங்க, அந்தக் கால் குஞ்சு நடந்தா அதையும் சேத்து நடுவுல தள்ளுங்க. சில கோழி கலர் பாக்கும், ரெண்டாவது ராத்திரி வாசம் ஒண்ணாயிட்டா விட்டுரும். விடலன்னா வம்பு பண்ணாதீங்க, அதப் பல்புலயே வளத்துருங்க, துணைக்கு ஒண்ணு வேணும் அவ்வளவுதான்.

தேயிலைக்காட்டான்:
வெள்ளைய ஏத்துக்கிச்சு அக்கா. கால் அகண்டது பிளாஸ்திரியோட தத்தித் தத்தி நடக்குது, எச்சம் அடைச்சதுதான் நேத்து போயிருச்சு. மொத்தம் 10. முக்கி எடுக்கணும்னு சொன்ன அம்மா இப்ப காலைல எனக்கு முன்னாடி எந்திரிச்சு கருப்பிக்கு ராகி கொண்டு போறாங்க. லசோட்டாக்கு மூணு வீடு சேத்துட்டேன், தாமரைக்கா, பிளாஸ்க்குதான் இல்ல, டீ கொண்டு போற பிளாஸ்க் பரவாயில்லையா?

தடுப்பூசி தாமரை:
பரவாயில்ல, நல்லா கழுவிட்டு ஐஸ் போடுங்க. அப்பறம் அதுல டீ ஊத்திராதீங்க.