அக்கரைக்குப் போனவர்களின் போனும் நெட்டும்: நம் ஊர்க்காரர்கள் பட்ட அனுபவம்

கானாடுகாத்தான், இப்போது சிங்கப்பூர்

2022ல் திருச்சியில் விமானம் ஏறும்போது, போய் இறங்கியதும் எந்த சிம் வாங்குவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அது கவலைப்படும் விஷயமே இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினால் ப்ரீபெய்டு சிம் கையில் வந்துவிடுகிறது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, எதை எடுத்தாலும் அந்தச் சின்ன ஊருக்குள் சிக்னலுக்குக் குறைவில்லை. நான் கோட்டைவிட்டது இந்திய நம்பரில்.

பேசவே போவதில்லை, ரீசார்ஜ் எதற்கு என்று விட்டுவிட்டேன். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத நம்பரை நம் நாட்டில் நிறுத்திவிடலாம். நிறுத்தினார்கள். அப்பச்சிக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன் வந்தபோதுதான் உறைத்தது. கணக்கில் பணம் இருக்கிறது, பாஸ்வேர்டும் சரி, ஓ.டி.பி. மட்டும் வரவில்லை. ஆத்தா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டினார்கள். மகன் வெளிநாட்டில் இருக்க, ஆத்தா போய்க் கேட்டு நின்றதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது. நம்பரை மாற்ற நான் லீவு எடுத்து வந்து காரைக்குடிக் கிளையில் நிற்க வேண்டியிருந்தது.

அதனால் கிளம்புகிறவர்கள் ஊரில் இருக்கும்போதே இந்திய நம்பரில் ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். டேட்டா ரோமிங்கை மட்டும் கட்டாயம் அணைத்து வையுங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். 2023லிருந்து சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளின் நம்பரிலேயே யு.பி.ஐ. வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வேண்டும், உங்கள் வங்கியும் அதைத் தர வேண்டும். முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

வீட்டு நெட்டில் இன்னொரு அடி. வாடகை வீட்டுக்கு 24 மாத ஒப்பந்தத்தில் பைபர் போட்டேன். 11 மாதத்தில் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். புது வீட்டில் ஏற்கெனவே வேறு இணைப்பு இருந்தது. பாதியில் முறித்ததற்குக் கட்டிய பணத்தில் ஊருக்கு ஒரு தடவை வந்து போயிருக்கலாம். வாடகைக்கு இருக்கிறவர்கள் ஒப்பந்தமில்லாத திட்டத்தைப் பாருங்கள், மாதம் கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை.

அப்புறம், இதை யாரும் சொல்வதில்லை: அங்கே எவ்வளவு வேகமாக நெட் இருந்தாலும் இங்கே நம் வீட்டில் எட்டினால்தான் பேச முடியும். எங்கள் வீடு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த கனத்த சுவர், பர்மா தேக்குக் கதவு. இணைப்பு கொடுக்க வந்தவர் ரூட்டரை முகப்பில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். வளவு என்பது திறந்த நடுமுற்றம், அதுவரை சிக்னல் வந்தது. ஆத்தா நாள் முழுக்க இருப்பது இரண்டாம் கட்டு அடுப்படியில். நான் கூப்பிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு முகப்புக்கு நடக்க வேண்டும். முட்டி வலியோடு வந்து உட்காருவதற்குள் அழைப்பு நின்றுவிடும். “நீ கூப்பிடுற, எனக்குத்தான் வந்து எடுக்க முடியல” என்று ஒரு நாள் சொன்னார்கள். அடுத்த தடவை வந்தபோது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தொடாமல், தாழ்வார உத்தரத்தை ஒட்டியே கேபிள் இழுத்து, இரண்டாம் கட்டில் இன்னொரு ரூட்டர் வைத்தேன். இப்போது கோலக் கூடையை எடுத்து வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். பிள்ளையார் நோன்பு அன்று இழை எடுத்த சடங்கை முழுசாக வீடியோவில் பார்த்தேன்.

தேவகோட்டை

தம்பி, நான் மகளைத் துபாய்க்கு அனுப்பியவள். போன முதல் நாலு நாள் அவள் குரலையே கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் போகிறது, போட்டோ வருகிறது, கூப்பிட்டால் மட்டும் பேச முடியவில்லை. என் போன்தான் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன்தான் சொன்னான், அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று. அங்கே அனுமதி பெற்ற செயலிகள் இருக்கின்றன. நாங்கள் ‘போட்டிம்’ (Botim) என்ற செயலியைப் போட்டுப் பேசுகிறோம். தடையைச் சுற்றிப் போக வி.பி.என். என்ற செயலி போடச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். சட்டச் சிக்கல் வரும் என்று மகள் மறுத்துவிட்டாள், அதுதான் சரி. பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், அந்த நாட்டில் எந்தச் செயலி ஓடும் என்று கேட்டு, உங்கள் போனில் போட்டுப் பழகிக்கொண்டு அப்புறம் வழியனுப்புங்கள். அந்த நாலு நாள் யாருக்கும் வர வேண்டாம்.

பள்ளத்தூர், இப்போது மெல்போர்ன்

எனக்குச் சிக்கல் கொடுத்தது போன்தான். படிக்கப் போகிறேன் என்று அண்ணன் தன் பழைய போனைக் கொடுத்தான். நல்ல போன்தான், 4ஜி வேறு. ஆனால் ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் கடைசியில் 3ஜியை மூடிவிட்டார்கள். 4ஜி வழியாக அவசர எண் 000க்குப் பேச முடியாத போன்களை நெட்வொர்க்கில் சேர்ப்பதே இல்லை. என் போன் அந்த வகை. சிம் போட்டு ஒரு நாள்கூட ஓடவில்லை. வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் புதுப் போன் வாங்கினேன். கிளம்பும் முன் போனில் *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்ற அந்தப் போனின் அடையாள எண் வரும். அதையும் மாடல் பெயரையும் வைத்து, போகிற நாட்டு நிறுவனத்திடம் ஓடுமா என்று கேட்டுவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

தேவகோட்டை

கானாடுகாத்தான் தம்பிக்கு ஒரு கேள்வி. எங்கள் வீடும் மூன்று கட்டுதான். கரண்ட் போனால் ரெண்டு ரூட்டரும் அணைந்துவிடாதா?

கானாடுகாத்தான், இப்போது சிங்கப்பூர்

அணைந்துவிடும் ஆச்சி. ரூட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது, உள்ளங்கை அகலம்தான். முகப்பில் பைபர் பெட்டிக்கு ஒன்று, இரண்டாம் கட்டு ரூட்டருக்கு ஒன்று என்று இரண்டும் வேண்டும். முகப்பில் மட்டும் வைத்தால் அடுப்படியில் நெட் நின்றுவிடும். வாங்கும்போது ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட் போட்டிருக்கிறது என்று போட்டோ எடுத்துப் போங்கள், பெரும்பாலும் 12 வோல்ட். கேபிள் இழுக்கிற ஆளிடம் தேக்குச் சட்டத்தில் ஆணி அடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் ஆச்சி.