தாசேக் பெராவில் தோமான் குஞ்சுகளைப் பார்த்த காலை

காட்டில் பார்த்து மறக்க முடியாததை எழுதச் சொன்னதற்கு, யானைத் தடம், இருவாட்சி என்று எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தது தோமான் என்கிற விரால் சாதி மீனைத்தான். ஆனால் இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை.

பகாவ் ஊரில் எங்கள் தோட்டத்திலிருந்து தாசேக் பெராவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியெல்லாம் செம்பனை, அப்புறம் திடீரென்று காடு. தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி அது. 1994-இல் நம் நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தது. இலை தழை ஊறி ஊறி, தண்ணீர் பாலில்லாத தேநீர் நிறத்தில் இருக்கும். கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது.

படகோட்டி செமலாய் பூர்வகுடிக்காரர், என் அப்பா வயது இருக்கும். ராசாவ் தாழைப் புதர்களுக்கு நடுவே போகும்போது ஓரிடத்தில் மழைத்துளி விழுகிற மாதிரி தண்ணீர் சலசலத்தது. மழையோ இல்லை. கிட்டப் போனால் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு விரல்கணு நீளம், நூற்றுக்கணக்கில். எல்லாம் சேர்ந்தே மேலே வந்தன, ஆளுக்கொரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு சேர்ந்தே உள்ளே போயின. தோமானுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும்.

என் கை தானாகத் தூண்டிலுக்குப் போனது. குஞ்சுகளுக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும், நடுவில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டில் போடுகிற எல்லாருக்கும் இது தெரியும். நானே பத்து வருஷமாக அப்படித்தான் பிடித்து வந்தேன்.

"ஜாங்கான்", வேண்டாம் என்றார் பாக்சிக், அந்தப் படகோட்டிப் பெரியவர். துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெரியதைப் பிடித்துவிட்டால் மற்ற மீன்கள் இந்தக் குஞ்சுகளில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காது என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, படகின் அடியில் 'டொம்' என்று ஓர் இடி. தாயா தகப்பனா தெரியவில்லை. எங்களைத்தான் விரட்டுகிறது! நான் தூண்டிலை மடக்கி வைத்துவிட்டேன். தயவு செய்து குஞ்சுக் கூட்டத்தின் மேல் தூண்டில் போடாதீர்கள்.

பதில்: அண்ணா, நான் திரியாங் ஊர். எங்கள் அம்மா குஞ்சோடு பிடித்த விராலை அறுக்கவே மாட்டார். அப்பா கொண்டு வந்தால் வாளியோடு திருப்பி அனுப்பிவிடுவார். தோமானும் விரால் சாதிதானே. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, சிவப்பு போய் இப்போது உடம்பில் கருங்கோடு விழுந்திருக்கும். மறுபடி போனால் எழுதுங்கள்.