அப்பாவுக்கு மறதி ஆரம்பம்: பணத்தைத் தங்கை பார்த்துக்கொள்ள பவர் போதுமா?

பொன்மலைப் பையன்:
அப்பாவுக்கு 76 வயது, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாக மறதி. தானே எடுத்த பணத்தை எடுக்கவே இல்லை என்று அம்மாவிடம் சண்டை போடுகிறார், டிமென்ஷியாவின் தொடக்கம் என்கிறார் டாக்டர். மற்றபடி பேச்சு தெளிவு, கையெழுத்தும் ஒழுங்காகப் போடுகிறார். பென்ஷன் கணக்கு, எஃப்.டி., வீடு எல்லாம் அவர் பெயரில்தான். நான் மஸ்கட்டில் இருக்கிறேன். மருந்து, கரண்ட் பில் எல்லாம் திருச்சியில் இருக்கும் தங்கைதான் பார்க்கிறாள், பணத்தையும் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. அவர் சார்பில் கையெழுத்துப் போடும் பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கினால் போதுமா? நாமினி நான்தான், அது உதவுமா? இப்போதைக்கு அவருடைய ஏடிஎம் கார்டை வைத்து ஓட்டுகிறோம்.

பழைய கேஷியர்:
நாமினியை விடுங்கள் தம்பி, அவர் இருக்கும்வரை அதற்கு ஒரு பைசா மதிப்பில்லை. முதலில் பென்ஷன் கணக்கில் அம்மாவைச் சேர்த்து 'எய்தர் ஆர் சர்வைவர்' ஆக்குங்கள், அதாவது இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் போனால் மற்றவர் எடுக்கலாம். மத்திய அரசு பென்ஷனுக்கு மனைவியோடு ஜாயின்ட் கணக்கு உண்டு, பிபிஓ-வில் (பென்ஷன் உத்தரவில்) அம்மா பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிள்ளைகளை அதில் சேர்க்க மாட்டார்கள். அதனால் அப்பாவும் தங்கையும் சேர்ந்து தனியாக ஒரு சேவிங்ஸ் கணக்கு திறந்து, செலவுக்கான தொகை மாதாமாதம் அதற்குப் போகும்படி எழுதிக் கொடுக்கலாம். எஃப்.டி.யில் ஒரு சிக்கல்: இரண்டு பெயர் இருந்தாலும் தவணைக்கு முன் உடைக்க இரண்டு கையெழுத்தும் கேட்பார்கள். அப்புறம் அந்த கார்டு... நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் பின் நம்பரை ஏன் கொடுத்தீர்கள் என்றுதான் பேங்க் கேட்கும்.

மதுரை வக்கீல்:
பவர் பற்றி யாரும் சொல்லவில்லையே. நம் ஊரில் பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, எந்த நிலைமைக்குப் பயந்து பவர் வாங்குகிறோமோ அந்த நிலைமை வந்ததும் அது செத்துவிடும். 1872 ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவு: கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனால் ஏஜென்ட், அதாவது பவர் வாங்கியவர், அதிகாரமும் போச்சு. கணக்கை இன்னொருவர் இயக்கலாம் என்று பேங்கில் எழுதிக் கொடுக்கும் மேண்டேட்டுக்கும் இதே கதிதான். இங்கிலாந்தில் இருப்பது போல அதற்குப் பிறகும் நீடிக்கும் பவர் இங்கே கிடையாது. 2017 மனநலச் சட்டத்தில் நியமிக்கும் பிரதிநிதியும் சிகிச்சை விஷயத்துக்கு மட்டும்தான், சொத்துக்கு அல்ல.

அந்தக் கட்டம் வந்த பிறகு வீட்டை விற்க வேண்டுமென்றால் கோர்ட்தான். 2024-ல் கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்க மனைவியையே காப்பாளராக நியமித்தது சென்னை உயர் நீதிமன்றம், அதுவும் தனி நீதிபதி மறுத்து அப்பீலில் கிடைத்தது. விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் எஃப்.டி. போடச் சொன்னார்கள். ஆகவே அப்பா புரிந்து கையெழுத்துப் போடும் இப்போதே ஜாயின்ட் கணக்கு, உயில் எல்லாவற்றையும் முடியுங்கள். அன்றைய தேதியில் டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வையுங்கள், பின்னால் சொந்தக்காரர்கள் வாயை அடைக்க உதவும்.

ஸ்ரீரங்கத்து மருமகள்:
என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்தபோது பேங்க் ஆளே வீட்டுக்கு வந்து, ரெண்டு சாட்சி வைத்து கைரேகை வாங்கிப் பணம் கொடுத்தார். கை முடியாவிட்டால் கால் கட்டைவிரல் ரேகை கூட எடுக்கலாமாம். பென்ஷனர் உயிரோடு இருக்கிறார் என்று கொடுக்கும் நவம்பர் லைஃப் சர்டிஃபிகேட்டை போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடுகிறோம். இன்னொன்று, தங்கையை நம்புகிறீர்கள், நல்லது. ஆனால் செலவுக் கணக்கை மாதம் ஒரு தடவை எல்லோரும் பார்க்கிற மாதிரி வாட்ஸப்பில் போடச் சொல்லுங்கள். சந்தேகத்துக்காக இல்லை, அவளுக்கே அது பாதுகாப்பு.

பொன்மலைப் பையன்:
நன்றி எல்லோருக்கும். அப்பாதான் முரண்டு பிடிப்பார், "என்னைப் பைத்தியம்னு நினைச்சிட்டீங்களா" என்பார்.

பழைய கேஷியர்:
அவர் வசதிக்கு என்று சொல்லாதீர்கள். அம்மாவுக்கு நாளைக்கு ஃபேமிலி பென்ஷன் சிக்கல் இல்லாமல் வரவேண்டும் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். உண்மையும் அதுதான்.