நகராட்சி அறிக்கையில் "இலக்கு 100%": எதை வைத்துச் சரிபார்ப்பது?

வார்டு17
எங்கள் நகராட்சி ஆண்டறிக்கையில் சுற்றுச்சூழல் இலக்கும் பணியாளர் இலக்கும் எட்டியாச்சு என்று போட்டிருக்கிறார்கள். வீடுதோறும் சேகரிப்பு 100%. தினமும் 12 டன் மக்கும் குப்பை உரமாகிறது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் எல்லாருக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. பகுதி சபையில் கேள்வி கேட்க வேண்டும். எந்தப் பதிவேட்டைப் பார்ப்பது?

உரக்குழி
சதவீதத்தை விடுங்கள், எடையைப் பிடியுங்கள். மக்கும் குப்பை உரமாகிச் சலித்து வரும்போது எடையில் 15 முதல் 20% தான் மிஞ்சும். 12 டன் உள்ளே போனால் நாளுக்கு 1.8 முதல் 2.4 டன், மாதத்துக்கு 54 முதல் 72 டன் உரம் வெளியே வந்தாக வேண்டும். உர வழங்கல் பதிவேட்டில் மாதம் 6 டன்தான் இருக்கிறது என்றால், உரமாக மாறிய குப்பை நாளுக்கு ஒரு டன், மிஞ்சிப்போனால் 1.3 டன்.

அடுத்து தொட்டிகள். 3 மீட்டர் நீளம், 1.5 அகலம், 1 உயரம் என்றால் ஒரு தொட்டி 4.5 கன மீட்டர். அப்படி 14 தொட்டி, நிரப்பி எடுக்க 45 நாள் சுற்று என்று வையுங்கள். குப்பை மக்கி அமுங்குவதையும் கணக்கில் சேர்த்தாலும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு டன்தான் பிடிக்கும். 12 டன்னுக்கு இடமே கிடையாது.

ஒரு தொட்டியைக் கிளறச் சொல்லிப் பாருங்கள். ஒழுங்காக மக்குகிற தொட்டி முதல் வாரத்தில் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வரணும். ஒழுகினால் ஈரம் 60%-ஐத் தாண்டிவிட்டது, காற்றுப் போகாமல் அழுகுகிறது, அதுதான் நாற்றம். காய்ந்த இலை, மரத்தூள் கலந்து வாரம் ஒருமுறை புரட்டினாலே சரியாகிவிடும். புரட்ட ஆள் இருக்காது, அதுதான் சிக்கல்.

மஸ்டர்ரோல்
அந்த ஆள் எங்கே போகிறார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 60 பேர் தினமும் களத்தில் நிற்க வேண்டும், வாரம் ஒரு நாள் விடுப்பு என்றால் பட்டியலில் 70 பேர் வேண்டும். நோய், பண்டிகை தனி. 60 பேரை மட்டும் எடுத்திருந்தால் யாராவது வராத அன்று உரக்கூடத்து ஆளைத்தான் தெருவுக்கு இழுப்பார்கள். இரண்டு இலக்கும் சேர்ந்தே விழும்.

வீட்டுக் கணக்கும் போடுங்கள். ஒருவருக்கு 350 வீடு, காலையில் 4 மணி நேரம் என்றால் வீட்டுக்கு 41 நொடி, வண்டி தள்ளும் நேரமும் அதற்குள்தான். தரம்பிரிக்காத வாளியைத் திருப்பிக் கொடுத்துப் பேச எங்கே நேரம்?

பி.எஃப்.க்கு மூன்று எண்கள் ஒத்துப்போக வேண்டும்: வருகைப் பதிவேட்டில் தலை எண்ணிக்கை, ஒப்பந்ததாரர் பில்லில் உள்ளது, மாதாந்திர பி.எஃப். பட்டியலில் உள்ளது. பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்கணும். மாதம் 15,000 ரூபாய் ஊதியக்காரரிடம் பி.எஃப். 12% (1,800), இ.எஸ்.ஐ. 0.75% (113), ஆக 1,913 பிடிக்கலாம். அதற்கு மேல் பி.எஃப். என்று பிடித்தால் நிறுவனத்தின் பங்கையும் தொழிலாளி தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

தராசு
உரக்குழிக்கு ஒரு திருத்தம். பல ஊரில் உரத்தை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பதியாமல் விடுவார்கள். வழங்கல் பதிவேட்டை மட்டும் வைத்துக் குற்றம் சொன்னால் ஒரே பதிலில் அடித்துவிடுவார்கள். குப்பைக் கிடங்கு எடைமேடைச் சீட்டையும் சேர்த்துப் பாருங்கள். 12 டன் உண்மையிலேயே உரமானால் கிடங்குக்குப் போகும் லாரி எடை அந்த அளவுக்குக் குறைந்திருக்கணும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரே வெற்று எடை (காலி லாரியின் எடை), நிறை எடையெல்லாம் முழு நூறு கிலோவாகவே முடிகிறது என்றால், எடை போடாமல் எழுதியது என்று சந்தேகப்படலாம்.

வார்டு17
இதையெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் தருவார்களா?

மஸ்டர்ரோல்
10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். 30 நாளில் பதில் வரணும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் உரம் குறைவு" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்வது அவர்கள் கடமை இல்லை, ஆவணம் கொடுப்பதுதான். ஐந்து வருடத்துக்குக் கேட்டால் "அலுவலகப் பணி பாதிக்கும்" என்பார்கள். ஒரு மழை மாதம், ஒரு கோடை மாதம் போதும். பணியாளர் பெயர், பி.எஃப். எண் வேண்டாம், தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். தலை எண்ணிக்கை, கட்டிய தொகை, தேதி மட்டும் கேளுங்கள்.

தராசு
நேரில் பார்வையிடுவதையும் 2(ஜெ) பிரிவில் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. போகும்போது தொட்டிகளை அளக்க டேப் கொண்டு போங்கள்.