எதிர்த்திசையில் வந்து மோதிய காவல் வாகனம்: யாரிடம், எப்படி முறையிடுவது?

கேள்வி: அல்சூர்வாசி

பெங்களூரில் வசிக்கும் நண்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் என் தங்கை மகன் ஒருவழிச் சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது, காவல் ஜீப் ஒன்று எதிர்த்திசையில் வேகமாக வந்து அவனைத் தட்டிவிட்டது. சைரன் ஒலிக்கவில்லை, மேல்விளக்கும் எரியவில்லை. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, தட்டு வைத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. ஜீப்பில் இருந்தவர்களே அவனை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் புகார் கொடுக்கப் போன இடத்தில், "அவசர வேலையாகப் போன வண்டி, வழக்கெல்லாம் நிற்காது, மருத்துவச் செலவுக்கு ஏதாவது பார்த்துச் செய்கிறோம்" என்று மனுவை வாங்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துப் பேக்கரிக்காரர் வண்டி எண்ணைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். 'ஜி' வரிசையில் உள்ள அரசு எண். ஹெல்மெட் பட்டையை மாட்டாமல் போனாலே கேமரா பிடித்து அபராதம் அனுப்பும் ஊரில், காவலர் ஓட்டும் வண்டிக்கு மட்டும் சட்டம் வேறா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: சிவாஜிநகர் பழையவர்

ஐயா, வருத்தமாக இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், கொடுப்பதை வாங்கிக்கொண்டு பையனின் கையைக் கவனியுங்கள். புகாரை எழுதுபவரும், விசாரிப்பவரும், குற்றம் சாட்டப்படுபவரும் ஒரே காக்கிச் சட்டைக்காரர்களாக இருக்கும்போது எந்த வழக்கு எங்கே போய்ச் சேரும்?

பதில்: மேயோ ஹால் வழக்குரைஞர்

மேலே எழுதிய பெரியவரின் சலிப்பு நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் யோசனையை ஏற்க வேண்டாம். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பல ஆண்டுகளாக வழக்காடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தரப்படும் தொகை, பின்னால் ஆகும் பிசியோதெரபி செலவுக்குக்கூடக் காணாது.

முதலில் சட்டம் வேறா என்ற கேள்விக்கு வருகிறேன். வேறுதான், ஆனால் காவலருக்குக் கூடுதல் கடுமையாக. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 210பி என்ற பிரிவைச் சேர்த்தது. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவர்களே அதை மீறினால், அந்தக் குற்றத்துக்கு உரிய தண்டத்தைப் போல் இருமடங்கு என்கிறது அது. 2019 செப்டம்பரில் டெல்லி போக்குவரத்துக் காவல் துறை இந்தப் பிரிவை எடுத்துக்காட்டித் தன் ஆட்களையே எச்சரித்தது. எதிர்த்திசையில் ஓட்டுவது 184ஆம் பிரிவின்படி அபாயகரமாக ஓட்டுதல் என்ற குற்றத்துக்குள் வருகிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அவசர வேலை என்ற விளக்கத்துக்கும் எல்லை உண்டு. 2017ஆம் ஆண்டு வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள் அவசர ஊர்திகளுக்குச் சில விலக்குகளைத் தருவது உண்மை. ஆனால் உயிரைக் காப்பது போன்ற உண்மையான அவசரம் இருக்க வேண்டும். ஒலியும் விளக்கும் இயங்க வேண்டும். அப்போதும் பிறருக்கு ஆபத்து நேராதபடி ஓட்ட வேண்டும். சைரன் இல்லாமல் வந்த ஜீப்புக்கு இந்த விலக்கைக் கேட்பது கடினம்.

நடைமுறைக்கு வருவோம். பெங்களூரில் விபத்து வழக்குகளைப் பதிவு செய்து விசாரிப்பவை போக்குவரத்துக் காவல் நிலையங்கள். நீங்கள் போனது சட்டம்–ஒழுங்கு நிலையமாக இருந்தாலும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி எல்லை பார்க்காமல் புகாரைப் பெற்றிருக்க வேண்டும். இப்போது எழுத்து மூலமான புகாரைப் போக்குவரத்துத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவு இல்லையென்றால் அதே சன்ஹிதாவின் 175ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரை அணுகலாம். அரசு ஊழியர் பணியின்போது செய்ததைப் பற்றிய புகார் என்றால், உயரதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியர் தரப்பையும் கேட்ட பிறகே நடுவர் விசாரணைக்கு உத்தரவிட முடியும் என்பதால் சற்றுத் தாமதமாகும்.

தண்டனை வாங்கித் தருவது எளிது என்று நான் சொல்லமாட்டேன். பணியில் செய்த செயலுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று அந்தச் சன்ஹிதாவின் 218ஆம் பிரிவையும், கர்நாடகக் காவல் சட்டத்தின் 170ஆம் பிரிவையும் எதிர்த்தரப்பு கட்டாயம் எழுப்பும். 2020இல் தேவராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், கடமையோடு நியாயமான தொடர்பு இருந்தால் வரம்பு மீறிய செயலுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று கூறியிருப்பதால், அந்த வாதம் சாதாரணமானதல்ல. தேநீர் குடிக்கப் போன ஜீப்பா, திருடனைத் துரத்திய ஜீப்பா என்பது அங்கேதான் முக்கியமாகும்.

இழப்பீடு அப்படியல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பாயத்தில் மனு செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். ராஜஸ்தானில் பழுது பார்த்துத் திரும்பிய ஆட்சியரின் ஜீப் மோதி ஒருவர் இறந்த வழக்கில், ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு மாநில அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே தீர்த்துவிட்டது. அரசு வாகனங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு இருப்பதால் எதிர்மனுதாரராகப் பெரும்பாலும் அரசையே சேர்க்க வேண்டியிருக்கும். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வதால், குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற ஓட்டுநர்

ஒரு மாநிலக் காவல் துறையில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது மகனோடு இங்கே இருக்கிறேன். வழக்குரைஞர் ஐயா சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

ஒவ்வொரு வண்டிக்கும் லாக் புக் உண்டு. எத்தனை மணிக்குக் கிளம்பியது, கிலோமீட்டர் எவ்வளவு, எங்கே, எதற்காக என்று எழுதி, பயணம் செய்த அதிகாரி கையெழுத்திட வேண்டும். பல இடங்களில் அந்தந்த நேரத்தில் எழுதாமல், பணி முடியும்போது ஒரே மூச்சில், ஒரே பேனாவில் நிரப்புவார்கள். அவசர அழைப்புக்குப் போனதாக அதில் எழுதியிருந்தால், 112 கட்டுப்பாட்டு அறையிலும் அதே நேரத்தில் அந்த அழைப்பு பதிவாகியிருக்க வேண்டும். இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொற்களுக்குள் என்ற விதி இருப்பதால் இரண்டு மனுவாகவே போடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் மனத்தாங்கலோடு சொல்வது. ஓட்டுபவர் பெரும்பாலும் கடைநிலைக் காவலர். முன் இருக்கையில் இருக்கும் அதிகாரி "இப்படியே விடு, சுற்றிக்கொண்டு போகாதே" என்று சொன்னால், முடியாது என்று சொல்லும் தைரியம் யாருக்கு உண்டு? விபத்து என்று வந்தால் தற்காலிகப் பணிநீக்கம் ஓட்டுநருக்குத்தான்.

பதில்: மேயோ ஹால் வழக்குரைஞர்

ஓட்டுநர் ஐயா கேட்டதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. அபாயகரமாக ஓட்டத் தூண்டியவரும் அதே தண்டனைக்கு உரியவர் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவு. நடைமுறையில் அதை எடுப்பவர்கள் அபூர்வம். ஆகவே அல்சூர்வாசி, உங்கள் புகாரில் "ஓட்டியவர்" என்று மட்டும் எழுதாமல், "வாகனத்தில் பயணித்த அதிகாரியும்" என்று சேர்த்து எழுதுங்கள்.

பதில்: மாரத்தஹள்ளி மென்பொருளாளர்

எல்லோரும் காவலர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போலத் தோன்றுகிறது. துரத்த வேண்டிய நேரத்தில் துரத்தத் தயங்கினால் அதற்கும் நாம்தான் திட்டுவோம். இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சி பெற்ற காவல் ஓட்டுநரைச் சாதாரண ஓட்டுநரோடு ஒப்பிடாமல், அதே பயிற்சி பெற்ற திறமையான இன்னொரு காவலரோடு ஒப்பிட வேண்டும் என்று மாற்றியது. பயிற்சி தந்து, அந்தப் பயிற்சியை வைத்தே அளப்பதுதான் முறை. நம் ஊரில் எத்தனை ஓட்டுநர்களுக்கு அப்படிப்பட்ட பயிற்சி கிடைக்கிறது?

பதில்: அல்சூர்வாசி

அனைவருக்கும் நன்றி. பயிற்சி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எங்கள் விஷயத்தில் யாரையும் துரத்தியதாக அவர்களே சொல்லவில்லை. மருத்துவமனையில் எம்.எல்.சி. (சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு) என்று பதிவாகியிருக்கிறது. பேக்கரிக்கு எதிரே உள்ள கடையில் கேமரா இருக்கிறது. பதிவு தானாக அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மேயோ ஹால் வழக்குரைஞர்

எம்.எல்.சி. இருப்பது பெரிய பலம். அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு இன்னும் இருந்தால், கடைக்காரரிடம் இன்றே பென் டிரைவில் நகல் கேளுங்கள். தயங்கினால், பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். துணை ஆணையருக்கு அனுப்பும் புகாரிலும் அந்தக் கேமராவைக் குறிப்பிடுங்கள். மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழைக் கடைக்காரரிடம் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.